ஒரு கோப்பை சாக்லெட் கேக், மைக்ரோவேவில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) தொடங்கிய இந்தக் கோப்பைக் கேக் வீடு வீடாகப் பரவி, தோட்டத்து வீடுகள் வரை போய்விட்டது. கூடவே கேள்விகளும் கிளம்பிவிட்டன. வாட்சாப்பில் வந்தவை, தமிழ்ப்பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது கேட்டவை, வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து செருப்பைத் தேடும்போது கேட்டவை எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். எடை குறைக்க நினைப்பவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்குச் சாக்லெட் ஆசை வருகிறவர்களும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய கவலை வேறு: வீட்டில் முழுக் கேக் இருந்தால் முழுக் கேக்கும் தீர்ந்துவிடும்.

முதலில் செய்முறையைச் சொல்லிவிடுங்கள்.

300 மில்லி பிடிக்கும் பீங்கான் கோப்பை ஒன்று. அதில் 3 மேசைக்கரண்டி கோதுமை மாவு, ஒன்றரை மேசைக்கரண்டி இனிப்பில்லாத கோக்கோ பவுடர், 2 தேக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு. எல்லாம் தலைதட்டிய அளவு. இவற்றை உலர்ந்த நிலையிலேயே முள்கரண்டியால் நன்றாகக் கலக்குங்கள். கோக்கோ கட்டி கட்டியாக நிற்கும் பழக்கம் உள்ளது, இப்போதே உடைத்துவிட வேண்டும். அப்புறம் 4 மேசைக்கரண்டி கொழுப்புக் குறைந்த பாலும் 1 தேக்கரண்டி எண்ணெயும் ஊற்றி, மாவுத்தடம் மறையும் வரை மட்டும் கலக்குங்கள். தோசை மாவுப் பதம் வரவேண்டும். இறுகலாக இருந்தால் இன்னொரு கரண்டி பால். கோப்பையின் அடி மூலையில் காய்ந்த மாவு ஒளிந்திருக்கும், அதையும் சுரண்டிக் கிளறுங்கள்.

800 வாட் அடுப்பில் 60 விநாடி. வெளியே எடுத்து ஒரு நிமிடம் விட்டுவைத்து, கோப்பையோடு சாப்பிடுங்கள். மொத்தம் 200 கலோரியை ஒட்டி வரும்.

200 கலோரி நிஜமா? இணையத்தில் வருவதும் இதே கேக்தானே?

பார்க்க ஒன்றுதான், உள்ளே வேறு. கணக்கைப் போட்டே காட்டுகிறேன். மாவு 24 கிராம், அது 87 கலோரி. கோக்கோ 8 கிராம், 18 கலோரி. சீனி 8 கிராம், 32. பால் 30. எண்ணெய் 40. கூட்டினால் 207.

பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ‘ஐந்து நிமிடக் கேக்’ செய்முறையில் 4 மேசைக்கரண்டி மாவு, 4 மேசைக்கரண்டி சீனி, 2 மேசைக்கரண்டி கோக்கோ, ஒரு முட்டை, 3 மேசைக்கரண்டி பால், 3 மேசைக்கரண்டி எண்ணெய், அதற்கும் மேலே 3 மேசைக்கரண்டி சாக்லெட் துண்டுகள். எண்ணெய் மட்டுமே 360 கலோரி. சீனி ஏறக்குறைய 200. சாக்லெட் துண்டுகள் இல்லாமலே 800-ஐத் தொடும், அதையும் போட்டால் 1000-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். ஒரு ரொட்டி சானாய் (நம் பரோட்டா) சுமார் 300 கலோரி. ஆக அந்தக் கோப்பைக்குள் மூன்று ரொட்டி இருக்கிறது, சின்னப் பாத்திரம் என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பாக்கெட் லேபிளில் கிலோகலோரி என்று அச்சிட்டிருப்பதைத்தான் பேச்சில் கலோரி என்கிறோம். இரண்டும் ஒன்றா என்று கேட்டு வருகிறவர்களுக்கு இதுவே பதில்.

கோக்கோவையும் குறைத்தால் இன்னும் கலோரி குறையுமே?

குறையாது. அதாவது, குறையும் அளவு பேசும்படி இருக்காது. இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் எழுத ஆசை, ஏனென்றால் எல்லோரும் தவறான இடத்தில் கை வைக்கிறார்கள்.

கோக்கோ கொட்டையில் பாதிக்குப் பாதி கொழுப்பு. கொட்டையை வறுத்து அரைத்தால் அது குழம்பாகத்தான் வரும், பொடியாக வராது. அந்தக் குழம்பை அழுத்திக் கொழுப்பைப் பிழிந்தெடுத்தபின் மிஞ்சும் பிண்ணாக்கைப் பொடித்ததுதான் கோக்கோ பவுடர். நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பம் இந்தப் பிழியும் இயந்திரத்துக்கு 1828-இல் காப்புரிமை வாங்கியது. நம் கடைகளில் அந்தப் பெயரோடு இன்றும் கோக்கோ பவுடர் நிற்கிறது. பிழிந்த கொழுப்பு சாக்லெட் கட்டி செய்யப் போய்விடுகிறது. நிறமும் கசப்பும் வாசனையும் பவுடரில் தங்கிவிடுகின்றன. வழக்கமான பவுடரில் மிஞ்சுவது 10 முதல் 12 விழுக்காடு கொழுப்பு.

அதனால் ஒரு மேசைக்கரண்டி கோக்கோ 12 கலோரிதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120. கோக்கோவைப் பாதியாக்கி நீங்கள் மிச்சம் பிடிப்பது 9 கலோரி, இழப்பது சாக்லெட் சுவை முழுவதையும். சுவை குறைந்த கேக்கைச் சாப்பிட்டவர் அடுத்துப் பிஸ்கட் டப்பாவைத் திறப்பார். கை வைக்க வேண்டிய இடம் எண்ணெயும் சீனியும். கோக்கோவைத் தாராளமாகப் போடுங்கள், 2 மேசைக்கரண்டி போட்டாலும் தப்பில்லை, பாலை மட்டும் ஒரு கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள்.

கரண்டி அளவு எல்லா வீட்டிலும் ஒன்றா?

இல்லை. மேசைக்கரண்டி 15 மில்லி, தேக்கரண்டி 5 மில்லி. நாம் சோறு சாப்பிடும் கரண்டி பெரும்பாலும் 15-க்குக் குறைவு. ஆனால் அதைக் குவித்து அள்ளினால் மாவு இரண்டு பங்காகிவிடும். கேக் சாமான் கடையில் அளவுக் கரண்டி செட் மலிவாகக் கிடைக்கும், ஒன்று வாங்கிவையுங்கள். கலோரிக் கணக்கு பார்க்கிறவர்களுக்குத் தராசு இன்னும் நல்லது.

கோக்கோ பவுடர் இல்லை, மைலோதான் இருக்கிறது. போடலாமா?

இது நம் நாட்டுக் கேள்வி. மைலோ டின் இல்லாத வீடு அபூர்வம். போடலாம், ஆனால் வருவது மைலோ கேக், சாக்லெட் கேக் அல்ல. மைலோவில் முன்னால் நிற்பது மால்ட்டும் பால்மாவும் சீனியும், கோக்கோ அவற்றோடு ஒரு பங்கு. 100 கிராமில் 400 கலோரியை ஒட்டி இருக்கும், கோக்கோ பவுடரில் 230-தான். 2 மேசைக்கரண்டி மைலோ போட்டால் சீனியை அடியோடு விட்டுவிடுங்கள். கூடவே அரை மேசைக்கரண்டியாவது நிஜக் கோக்கோ கலந்தால் நிறம் பிடிக்கும். பிள்ளைகளுக்கு மைலோ கேக்தான் அதிகம் பிடிக்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

‘மூன்று சேர்ந்த’ சாக்லெட் பானப் பாக்கெட் வேண்டாம். அதில் சீனியும் கிரீமரும்தான் பெரும்பங்கு.

எந்த கோக்கோ வாங்குவது? விலை ஏன் அப்படி ஏறியது?

லேபிளில் பொருள் பட்டியலைப் பாருங்கள். கோக்கோ என்ற ஒரே பொருள் இருக்கவேண்டும். சீனி என்று வந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். வெளிர்பழுப்பு நிறத்தில் இருப்பது இயற்கை வகை, கொஞ்சம் புளிப்பு உள்ளது. கறுப்புக்குப் பக்கத்தில் இருப்பது காரப்பொருள் (அல்கலி) சேர்த்துப் புளிப்பைத் தணித்தது. அதன் கசப்பு மிருதுவாக இருக்கும், சீனி குறைந்த கேக்குக்கு நான் அதைத்தான் எடுப்பேன். பேக்கிங் பவுடர் போடும்வரை இரண்டும் சரிவரும். வெறும் சோடா உப்பு மட்டும் போட்டால் அதற்குப் புளிப்பு தேவை, அப்போது கறுப்பு வகை சரியாக உப்பாது.

தெலுக் இந்தான் கேக் சாமான் கடைகளில் சின்னப் பாக்கெட்டாகக் கட்டி விற்பார்கள். முதல் முறைக்கு அது போதும்.

விலை விஷயம்: 2023-24-இல் கானாவிலும் ஐவரி கோஸ்டிலும் விளைச்சல் படுத்தது, உலகின் பாதிக்கு மேற்பட்ட கோக்கோ அந்த இரண்டு நாடுகளிலிருந்து வருவது. 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கொட்டை டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. இரண்டு வருடம் முன்பு அது 2,500 டாலர் பக்கம் இருந்தது.

நம் பாகான் டத்தோ மாவட்டத்தில் கோக்கோ விளைந்ததே, உள்ளூர் பவுடர் கிடைக்காதா?

விளைந்தது உண்மை. தென்னைக்கு அடியில் நிழலில் கோக்கோ வைப்பது இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வழக்கமாக இருந்தது. பெரியவர்களைக் கேட்டால் காயை உடைத்து உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையைச் சப்பிய கதை சொல்வார்கள். புளிப்பும் இனிப்புமாக இருக்கும் அது, சாக்லெட் வாசனையே வராது. 1990-இல் மலேசியா ஏறத்தாழ 2,47,000 டன் கொட்டை விளைவித்தது. அதற்கு முந்தைய வருடம்தான் கோக்கோ வாரியமே அமைந்தது. பிறகு விலை சரிந்தது, காய் துளைப்பான் பூச்சி வந்தது, தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. இன்று விளைச்சலில் மிஞ்சியிருப்பது மிகச் சொற்பம். ஆனால் கோக்கோ அரைக்கும் பெரிய நாடுகளில் நாமும் ஒருவர், கொட்டைதான் வெளியிலிருந்து கப்பலில் வருகிறது. மலேசியத் தயாரிப்பு என்று எழுதிய பவுடர் கிடைக்கும், தரமும் நன்றாகவே இருக்கும். கொட்டை பெரும்பாலும் வேறு நாட்டினுடையது, அவ்வளவுதான்.

எனக்கு ரப்பர் மாதிரி வருகிறது. ஏன்?

ரப்பர் வெட்டிய ஊரில் இந்தப் புகார் வராமல் இருக்குமா! காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும், பெரும்பாலும் முதலாவது.

நேரம் கூடிவிட்டது. மைக்ரோவேவ் மாவிலுள்ள தண்ணீரைத்தான் சூடாக்குகிறது. தண்ணீர் ஆவியாகி வெளியேறிக்கொண்டே இருக்கும். சாதா ஓவனில் ஐந்து நிமிடம் கூடினால் ஓரம் கொஞ்சம் காயும், இங்கே 15 விநாடி கூடினாலே கேக் இறுகிவிடும். எடுக்கும்போது மேலே நடுவில் ஒரு வெள்ளிக்காசு அளவு ஈரமாக, பளபளப்பாக இருக்கவேண்டும். ‘வேகவில்லையே’ என்று திரும்ப உள்ளே வைக்காதீர்கள். வெளியே வைத்த ஒரு நிமிடத்தில் உள்ளிருக்கும் சூடே அதை முடித்துவிடும். எண்ணெய் குறைந்த கேக்கில் இது இன்னும் முக்கியம். எண்ணெய் அதிகம் இருந்தால் கூடுதல் நேரத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், நம்முடையது பொறுக்காது.

இரண்டாவது, அதிகம் கலக்கியது. பால் ஊற்றியபின் அடித்து அடித்துக் கலக்கினால் மாவிலுள்ள குளூட்டன் என்ற புரதம் இழுபட்டு ரொட்டி மாவின் குணம் வந்துவிடும். ரொட்டி சானாய்க்கு அது வேண்டும், இதற்கு வேண்டாம்.

மூன்றாவது முட்டை. அதைத் தனியே சொல்கிறேன்.

முட்டை சேர்க்கலாமா? வெள்ளிக்கிழமை சைவம் என்றால்?

நான் மேலே கொடுத்ததே முட்டையில்லாதது. புரட்டாசிக்கும் தைப்பூச விரதத்துக்கும் மாற்றாமல் செய்யலாம், பால் சேர்ப்பவர்களாக இருந்தால். சேர்க்காதவர்கள் இனிப்பில்லாத சோயாப்பால் ஊற்றுங்கள்.

சைவத்துக்காக மட்டும் முட்டையை விடவில்லை. நம்மூர் ஏ கிரேடு முட்டை ஓட்டோடு 65 கிராமுக்குக் குறையாது. 24 கிராம் மாவுக்கு அது ரொம்ப அதிகம். கோப்பைக்குள் ஆம்லெட்டும் கேக்கும் பாதிப் பாதியாக வரும், வாசனையும் காட்டிக்கொடுக்கும். கேக் உப்ப பேக்கிங் பவுடரே போதும். வேண்டும் என்றால் ஒரு முட்டையை அடித்து இரண்டு கோப்பைக்குப் பங்கிடுங்கள், ஒவ்வொன்றிலும் பாலை 2 மேசைக்கரண்டியாகக் குறையுங்கள். கோப்பைக்கு சுமார் 40 கலோரி முட்டையால் கூடும். பாலில் ஒரு பங்கு குறைகிறது, புரதமும் கொஞ்சம் கிடைக்கிறது. வெள்ளைக்கரு மட்டும் போடும் யோசனை கலோரி பார்ப்பவர்களிடம் பிரபலம். நான் சொல்ல மாட்டேன். மஞ்சள்கருதான் மிருதுவாக்குவது, வெள்ளை தனியே போனால் இறுக்கும்.

எத்தனை விநாடி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அடுப்பின் பின்புறமோ கதவின் உள்ளோரமோ ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். அதில் இரண்டு வாட் எண் இருக்கும். மின்சாரம் இழுப்பது 1,200 போல, உணவுக்குள் போவது 700 அல்லது 800 போல. நமக்கு வேண்டியது இரண்டாவது. 700 வாட் என்றால் 70 முதல் 80 விநாடி, 800 என்றால் 60, 1,000 என்றால் 45 முதல் 50. முதல் தடவை பத்து விநாடி குறைவாக வைத்துப் பார்த்து, தேவையானால் பத்துப் பத்தாகக் கூட்டுங்கள். உங்கள் அடுப்பின் நேரம் பிடிபட்டதும் கோப்பையின் அடியிலோ அடுப்பின் பக்கத்திலோ எழுதி ஒட்டிவிடுங்கள். வேறு கோப்பைக்கு மாறினால் அந்த நேரமும் கொஞ்சம் மாறும்.

எந்தக் கோப்பை? எனாமல் குவளை பரவாயில்லையா?

எனாமல் குவளை கூடவே கூடாது. உள்ளே தகரம், தீப்பொறி பறக்கும். எவர்சில்வர் டம்ளரும் அதே. கல்யாண வீட்டில் கொடுத்த தங்கவிளிம்புக் கோப்பையும் வேண்டாம், அந்த விளிம்பு உலோகம். உணவுக்கடையில் பார்க்கும் மெலமின் கிண்ணமும் மைக்ரோவேவுக்கு உரியதல்ல.

கோப்பித்தியாம் (காப்பிக் கடை) பாணித் தடிப் பீங்கான் நல்லது. சந்தேகம் இருந்தால் காலிக் கோப்பையையும் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் சூடாகிக் கோப்பை குளிர்ந்திருந்தால் சரி. கோப்பையே சூடானால் அது தேநீருக்கு மட்டும். நேராக நிற்கும் சுவர் உள்ளதாகவும், மாவு பாதிக்குக் கீழே நிற்கும்படியும் பாருங்கள், இல்லாவிட்டால் பொங்கி வழிந்து கண்ணாடித் தட்டைச் சுரண்டும் வேலை வரும்.

சீனியே போடாமல், ஸ்டீவியா போட்டுச் செய்தால்?

பாதிவரை மாற்றலாம், முழுவதும் வேண்டாம். சீனி இனிப்புக்கு மட்டும் இல்லை, ஈரத்தைப் பிடித்துவைக்கும் வேலையும் அதனுடையது. அது போனால் கேக் தொண்டையில் ஒட்டும். எரித்ரிடால் வகை இனிப்பூட்டி நாக்கில் ஒரு குளிர்ச்சி விடும், சாக்லெட்டோடு அது எனக்குப் பிடிப்பதில்லை. இதற்கெல்லாம் மேலே, மிச்சமாவது எவ்வளவு? 2 தேக்கரண்டி சீனி 32 கலோரி. அதற்காகத் தனி டப்பா வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஸ்டீவியா, சுக்ரலோஸ் போன்றவற்றை எடைக் கட்டுப்பாட்டுக்கான வழியாக நம்பவேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது. எரித்ரிடால் அந்தப் பரிந்துரையில் சேராது, ஆனால் மேலே சொன்ன குளிர்ச்சி மாறாது. அதே நிறுவனம் சேர்க்கும் சீனியை நாளுக்கு 25 கிராம் பக்கம் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. இந்தக் கோப்பையில் 8 கிராம்.

கூலா மெலாக்காவும் (தென்னைச் சர்க்கரை) கருப்பட்டியும் கலோரியில் சீனிக்குச் சமம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாசனைக்காகப் போடுங்கள், அதற்கு முழு மதிப்பு உண்டு. சீவிப் பாலில் கரைத்துவிட்டு ஊற்றவேண்டும்.

அப்பாவுக்கு இனிப்பு நீர். இதைக் கொடுக்கலாமா?

இனிப்பு நீர் இல்லாத குடும்பத்தைத் தேடவேண்டிய நிலை. 2023 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அதனால் இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: சீனியை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். மாவும் மாவுச்சத்துதான். இந்தக் கோப்பையில் மாவு, சீனி, பால், கோக்கோ எல்லாம் சேர்ந்து 30 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, 100 கிராம் சோற்றைவிடச் சற்று அதிகம். சோறு சாப்பிட்டபின் கூடுதலாகக் கொடுத்தால் அது கூடுதல்தான். பாதி அளவில் செய்து, அந்த வேளைச் சோற்றைக் குறைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் என்றால் அடுத்த கிளினிக் நாளில் இந்த அளவுகளைக் காட்டிக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

எண்ணெய்க்குப் பதிலாக வேறு?

முதலில் ஒன்று: ஆலிவ் எண்ணெயில் கலோரி குறைவு என்பது கதை. எந்த எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரி. 2 வெள்ளி 50 காசு பாக்கெட் சமையல் எண்ணெயே போதும், வாசனையில்லாதது என்பதால் இதற்கு அதுதான் வசதி.

எண்ணெயை விட்டுவிட்டு 1 மேசைக்கரண்டி கெட்டித் தயிர் போடலாம். 40 கலோரி போய் 10 வரும். கேக் கொஞ்சம் புளிக்கும், இயற்கை வகைக் கோக்கோவோடு அந்தப் புளிப்பு தூக்கலாகத் தெரியும், கறுப்பு வகையோடு அடங்கிப்போகும்.

தேங்காய் மலிந்த ஊரில் இருந்துகொண்டு தேங்காய்ப்பாலைச் சொல்லாமல் விட முடியாது. எண்ணெயை எடுத்துவிட்டு, பால் 2 மேசைக்கரண்டி, கெட்டித் தேங்காய்ப்பால் 2 மேசைக்கரண்டி. 15 கலோரி போல கூடும். கூடட்டும். கூலா மெலாக்காவோடு சேர்ந்தால் இந்தப் பட்டியலிலேயே அதுதான் சிறந்தது.

கனிந்த வாழைப்பழம் கிடக்கிறது. கேக்கில் போனால் நல்லதுதானே?

நல்லது. தோல் கறுத்த பீசாங் மாஸ் (சின்ன மஞ்சள் வாழைப்பழம்) ஒன்றை மசித்துப் போட்டு, சீனியை முழுவதும் விட்டுவிடுங்கள். எண்ணெய் அரைத் தேக்கரண்டி, பால் 3 மேசைக்கரண்டி. 180 கலோரி பக்கம் வரும். பழத்தின் ஈரத்தால் 10 விநாடி கூடுதலாகத் தேவைப்படலாம். கனியாத பழம் வேண்டாம், துவர்க்கும்.

மைக்ரோவேவ் இல்லாதவர்கள்?

இட்லிச் சட்டியில் ஆவியில் வையுங்கள். கோப்பையின் வாயைத் தட்டால் மூடி 12 முதல் 15 நிமிடம். சொல்லப்போனால் ஆவிக் கேக் இதைவிட மிருது. வேகம் மட்டும்தான் கிடைக்காது.

ஏன் எப்போதும் சாக்லெட்? வெனிலா செய்யக்கூடாதா?

செய்யலாம், ஆனால் வெளிறிப்போய் நிற்கும். கேக் பொன்னிறமாவதற்கு மேற்பரப்பு 140 பாகைக்கு மேல் சூடாகவேண்டும். மைக்ரோவேவில் தண்ணீர் இருக்கும்வரை 100-ஐத் தாண்டாது. கோக்கோ தன் நிறத்தைத் தானே கொண்டுவருகிறது, வறுத்த வாசனையும் கொட்டையை வறுத்தபோதே ஏறிவிட்டது. அடுப்பு செய்யாமல் விட்ட வேலையை அது முன்கூட்டியே செய்துவைத்திருக்கிறது. மைக்ரோவேவுக்கு இதைவிடப் பொருத்தமான கேக் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு பொருத்தமும் உண்டு. 1945-இல் அமெரிக்காவில் ராடார் கருவிகளோடு வேலை செய்துகொண்டிருந்த பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியாளர், சட்டைப்பையில் இருந்த இனிப்புக் கட்டி உருகியதைக் கவனித்துத்தான் இந்த அடுப்பின் யோசனைக்கு வந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அது சாக்லெட் கட்டி என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள்.

கதிர்வீச்சு பயம் கேட்பவர்களுக்கு: இந்த அலைகள் சூடாக்கும், எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் வலு இவற்றுக்கு இல்லை, அடுப்பை நிறுத்தியதும் உணவில் எதுவும் தங்காது. கதவு சரியாக மூடாத, கண்ணாடி வலை கிழிந்த அடுப்பை மட்டும் பயன்படுத்தாதீர்கள்.

வெனிலா எசென்ஸ் இரண்டு சொட்டு விட்டால் சாக்லெட்டுக்கும் நல்லது. பக்கத்து வீட்டு மலாய்க்காரர்களுக்கும் கொடுப்பீர்கள் என்றால் ஹலால் முத்திரை உள்ளதாக வாங்குங்கள், சில எசென்ஸில் ஆல்கஹால் உள்ளது.

ஒவ்வொரு முறையும் அளக்கச் சோம்பலாக இருக்கிறது.

உலர் கலவையைப் பாட்டிலில் போட்டுவையுங்கள். பத்துக் கோப்பைக்கு: மாவு 240 கிராம், கோக்கோ 80, சீனி 80, பேக்கிங் பவுடர் இரண்டரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. எல்லாவற்றையும் இரண்டு முறை சலியுங்கள். ஒரு கோப்பைக்கு 41 கிராம், அல்லது தலைதட்டி 5 மேசைக்கரண்டி. பால், எண்ணெய் அப்போது ஊற்றவேண்டியது.

நம் ஊர் ஈரக்காற்றில் பேக்கிங் பவுடர் சீக்கிரம் செத்துப்போகும். இறுக மூடும் பாட்டில், ஈரமில்லாத கரண்டி, ஒன்றிரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது. பழைய பேக்கிங் பவுடரைச் சோதிக்க அரைக் கரண்டியை வெந்நீரில் போடுங்கள், நுரைத்துப் பொங்காவிட்டால் தூக்கிப்போடுங்கள். தானே உப்பும் மாவு வைத்திருப்பவர்கள் அதைப் பயன்படுத்தி பேக்கிங் பவுடரை விட்டுவிடலாம்.

செய்த கேக்கை மறுநாளுக்கு வைக்கலாமா?

வேண்டாம். அரை மணியிலேயே இறுக ஆரம்பிக்கும், மறுநாள் கல்.

மேலே என்ன போடலாம்?

கண்டென்ஸ்டு மில்க் ஒரு மேசைக்கரண்டி 65 கலோரி, ஒரு கரண்டி ஐஸ்கிரீம் 130 வரை. போட்டால் போட்டதாகக் கணக்கில் சேருங்கள், அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது ஒரு துண்டு கறுப்புச் சாக்லெட்டை, 10 கிராம் இருக்கும், வைக்கும் முன் மாவின் நடுவில் அமுக்கிவிடுவது. 55 முதல் 60 கலோரி கூடும், நடுவில் உருகி நிற்கும். பேரங்காடியில் மலிவாகக் கிடைக்கும் கேக் சாக்லெட் பெரும்பாலும் கோக்கோ கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனைக் கொழுப்பில் செய்தது. உருகும், ஆனால் வாயில் மெழுகு தடவியதுபோல நிற்கும். பொருள் பட்டியலில் கோக்கோ பட்டர் இருப்பதை எடுங்கள்.

பிள்ளைகளுக்கு என்றால் இந்தத் துண்டை விடுங்கள். வெளியே ஆறியதுபோல் தெரிந்தாலும் உருகிய சாக்லெட் உள்ளே நெடுநேரம் கடும் சூடாக இருக்கும், நாக்கு வெந்துவிடும்.

இரண்டு பேர் இருக்கிறோம். பெரிய கோப்பையில் இரட்டிப்பாகச் செய்யலாமா?

பெரிய கோப்பையில் ஓரம் இறுகி நடுவு வேகாமல் நிற்கும். இரண்டு கோப்பையை ஒன்றாக வைத்தாலும் நேரம் சரிபாதியாகப் பிரியாது, ஒன்று முந்தும். இரண்டிலும் மாவைக் கலந்து வைத்துவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். முதல் கோப்பை வெளியே ஆறும் ஒரு நிமிடத்தில் இரண்டாவது வெந்துவிடும்.